முனீஸ்வரியின் சிறுவாடு

கம்பத்தில் ஒரு ஏலக்காய்க் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பாள் முனீஸ்வரி. மலைமேலிருந்து ஜீப்பில் வந்து இறங்கும் மூட்டைகளின் எடையை ஏற்ற வேண்டும். ஏலம் நடக்கும் நாளில் திரையில் ஓடும் விலையைப் பார்த்து முதலாளிக்குப் போனில் சொல்ல வேண்டும். மகள் நதியா பால்வாடிக்குப் போன காலத்தில் சேர்ந்த வேலை; இப்போது நதியா கோயம்புத்தூரில் நர்சிங் முடிக்கப் போகிறாள். சேலையிலும் தலைமுடியிலும் ஏலக்காய் வாசம் ஏறிப்போய், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், "என்னக்கா, வீட்ல பாயசமா?" என்று கேட்பதுண்டு.

அவளிடம் பிட்காயின் இருந்தது. சொன்னால் கம்பத்தில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். சொல்லும்படி அவளை யாரும் கேட்டதும் இல்லை.

பிறந்த ஊர் சுருளிப்பட்டி. அப்பா வீரணன் பன்னீர் திராட்சை போட்டவர். பந்தலுக்கு அடியில் குனிந்தே நடந்து பழகி, ரோட்டில் வரும்போதும் லேசாகக் குனிந்துதான் வருவார். அவருக்குப் பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவன் முத்துவீரன், அடுத்து முனீஸ்வரி. கவாத்து வெட்டுவதில் அண்ணனைவிடத் தங்கச்சி கை சுத்தம் என்று ஊரில் பெயர். அவள் வெட்டிய கொடியில் குலை பிடிக்காமல் போனதில்லை. கல்யாணமாகிக் கம்பத்துக்கு வந்த பிறகும் கவாத்துச் சமயத்தில் கத்தரியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சுருளிப்பட்டி பஸ் ஏறிவிடுவாள்.

அப்பா செத்து வருஷம் திரும்பியதும் முத்துவீரன் அவளைப் பத்திர ஆபீஸுக்குக் கூட்டிப் போனான். தோட்டத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று தங்கச்சி எழுதிக் கொடுக்கிற பத்திரத்துக்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். ஊரில் எல்லாத் தங்கச்சிகளும் போடுகிற கையெழுத்துதான். முனீஸ்வரியும் சிரித்துக்கொண்டே போட்டாள். அண்ணன் பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்தான். மதினி கோழி அடித்துக் குழம்பு வைத்தாள்.

அடுத்த கவாத்துக்குக் கத்தரியோடு போனபோது முத்துவீரன் வாசலிலேயே தடுத்தான்.

"ஆளு விட்டாச்சு ஆத்தா. ஒனக்கு எதுக்கு இந்த வெயில்ல? உள்ள போயி மதினிகிட்ட காப்பி வாங்கிக் குடி."

அன்பாகத்தான் சொன்னான். அவளும் உள்ளே போய்க் காப்பி குடித்தாள். வீட்டுக்குப் பின்பக்கம்தான் தோட்டம். கூலியாட்கள் வெட்டுகிற சத்தம் டக்கு டக்கென்று சன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது. ஒருத்தன் துளிர் வரும் கண்ணில் ஒன்றைக் கூடுதலாக விட்டு மேலே வெட்டுகிறான் என்பது அவளுக்குச் சத்தத்திலேயே தெரிந்த மாதிரி இருந்தது. எழுந்து போய்ச் சொல்லலாம். எந்த உரிமையில் சொல்வது? டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள். அன்றைக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்தது. என்னுது என்று சொல்லிக்கொள்ள ஒரு பிடி இடம் வேண்டும். அதில் வெட்டுவேன், வெட்டாமலும் விடுவேன். ஏன் என்று ஒருவரும் கேட்கக் கூடாது.

கணவர் சுந்தரலிங்கம் உரக்கடையில் வேலை பார்த்தார். குடி கிடையாது, சீட்டு கிடையாது, கையோங்கியது கிடையாது. அவருக்கு இருந்த ஒரே பழக்கம் செய்முறை. காதுகுத்து, சடங்கு, மொய் வாங்கவென்றே வைக்கிற வசந்தவிழா என்று எந்தப் பத்திரிகை வந்தாலும் முதல் ஆளாகப் போய் மொய் எழுதுவார். "நாளைக்கு நமக்குன்னா நாலு பேரு வேணும்ல" என்பார். முனீஸ்வரியின் சம்பளம் விழுகிற கணக்கின் ஏடிஎம் கார்டும் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. அவர் கேட்டு அவள் கொடுத்ததில்லை, அவராகப் பிடுங்கியதும் இல்லை. கல்யாணமான வீடுகளில் கார்டு போய்ச் சேருகிற இடம் அது.

அவள் கைக்கு வந்ததெல்லாம் தீபாவளிக்கு முதலாளி கொடுக்கும் போனஸும், ஏலநாள்களில் கூடுதலாக இருந்ததற்குத் தரும் சில்லறையும். அதைச் சிறுவாடாகச் சேர்த்துப் பரணில் கிடந்த உடைந்த குக்கருக்குள் வைத்திருந்தாள். ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்த வருஷம் அந்தக் குக்கரை இறக்க வேண்டியதாயிற்று. வேறு வழியில்லாமல் கணவர் கையில் கொடுத்தாள்.

சுந்தரலிங்கம் அசந்துபோனார். தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

"எம் பொண்டாட்டி தனியா ஒரு பேங்கே நடத்திருக்காப்பா. அதும் குக்கருக்குள்ள!"

அதில் ஒரு பெருமையும் இருந்தது. பணம் மாறி வந்த மாதம் அவர் தங்கச்சி மகளுக்குச் சடங்கு. தாய்மாமன் சீர் தட்டுத் தட்டாகப் போனது. ஊரே மெச்சியது. முனீஸ்வரியும் ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். போட்டோவில் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

கொரோனா வந்து ஊரடங்கி, மலைக்கு ஜீப் ஏறாமல் கடை சும்மா கிடந்த நாள்களில்தான் பிட்காயின் என்ற பெயரை அவள் கேள்விப்பட்டாள். முதலாளியின் மகன் கார்த்திக்ராஜ் இன்ஜினியரிங் முடித்துவிட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தான். எந்நேரமும் போனில் ஏதோ ஒரு கோடு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"அக்கா, நான் சாப்புட்டு வர்றவரைக்கும் இதப் பாத்துக்கங்க. இந்த வெலைக்குக் கீழ போனா ஒரு போன் அடிங்க."

"என்ன காய் தம்பி இது?"

"காய் இல்லக்கா, காயின். பிட்காயின்."

அவளுக்கு அந்தத் திரை புதிதாகத் தெரியவில்லை. ஏலக்காய் விலை ஒரு வருஷம் வானத்துக்கு ஏறி, மலையில் தோட்டம் வைத்திருந்தவர்கள் புதுக் கார் வாங்கியதையும், அடுத்த வருஷம் அது விழுந்து அதே கார்கள் விலைக்கு நின்றதையும் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தவள். விலை என்றால் ஆடும். அவளை இழுத்தது வேறொன்று. பாஸ்புக் கிடையாது, வீட்டுக்குக் கடிதம் வராது, பரணில் ஏறி இறக்க வேண்டாம் என்று கார்த்திக்ராஜ் பேச்சுவாக்கில் சொன்னது.

இரண்டு வாரம் யோசித்தாள். பிறகு போனிலேயே தன் பெயரில் புதிதாக ஒரு வங்கிக் கணக்குத் தொடங்கினாள். ஆதாரும் பான் கார்டும் காட்டி, மூட்டை அடுக்கிய அறையில் நின்று முகத்தைப் போட்டோ எடுத்து அந்த ஆப்பில் சேர்ந்தாள். அந்தப் போட்டோவில் கல்யாண போட்டோவைவிட அழகாக இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. கையில் இருந்த கொஞ்சப் பணத்துக்கு ஒரு துணுக்கு வாங்கினாள். பூச்சியத்துக்குப் பின்னால் ஒரு புள்ளி, புள்ளிக்குப் பின்னால் இன்னும் பூச்சியங்கள், அப்புறம் நாலைந்து எண்கள். அவ்வளவுதான் அவள் சொத்து.

அதன்பின் தீபாவளிப் பணமும் ஏலநாள் சில்லறையும் அங்கேதான் போயின. ரூபாய்க் கணக்கை அவள் அதிகம் பார்ப்பதில்லை. பூச்சியங்களுக்குப் பின்னால் இருக்கிற அந்த எண்களைத்தான் பார்ப்பாள். விலை ஏறினாலும் இறங்கினாலும் அவை அப்படியே இருந்தன. சந்தையில் நிலத்தின் விலை என்னவானாலும் செண்ட்டுக் கணக்கு மாறாது இல்லையா, அப்படி.

அந்த வருஷங்களில் கம்பம் பள்ளத்தாக்கில் வேறு பலரும் வாங்கினார்கள். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர் சின்னக்கருப்பு ஒரு நாள் மண்டபக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தார். பிரியாணி போட்டு, கோட்டு மாட்டிய ஒருவன் பேசி, ஆள் சேர்த்தால் பெருகும் என்று ஏதோ ஒரு காசை விற்றிருந்தான்.

"தங்கச்சி, நீயும் சேந்துக்க. ரெண்டே வருசம், ஜீப்ப வித்துப்புட்டு உக்காந்து சாப்புடலாம்."

"ஆள் சேத்தாப் பெருகும்னா அது காசு இல்லண்ணே, சீட்டு" என்றாள். அவர் கேட்கவில்லை. அந்தக் கம்பெனி காணாமல் போனபோது சின்னக்கருப்பு நாலு நாள் கடைப்பக்கமே வரவில்லை. வந்தபோது, "மக காலேஜுக்குன்னு நெனச்சேன்த்தா" என்று மட்டும் சொன்னார். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்ததைத் தவிர அவளால் வேறொன்றும் செய்ய முடியவில்லை.

கார்த்திக்ராஜ் வேறு மாதிரி. அவனுக்கு வாங்கியதைச் சொல்வதில்தான் ருசி. நண்பர்களுக்குப் போனைக் காட்டுவான். பிட்காயின் விழுந்த வருஷம், அரசாங்கம் லாபத்தில் முப்பது சதவீதம் வரி என்று போட்டதும் சேர்ந்துகொள்ள, பாதி விலைக்கு விற்றுவிட்டு, "இனிமே அந்தப் பேரையே எடுக்காதீகக்கா" என்றான். முனீஸ்வரி எடுக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூட்டை அறைக்குப் போய் ஆப்பைத் திறந்து எண்களைப் பார்ப்பாள். எல்லாம் இருந்தன. மூடிவிட்டு வந்து எடை ஏற்றுவாள்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். தேவயானி என்று பெயர் சொன்னாள். பொருளாதாரம் படிப்பவள், கெங்குவார்பட்டிக்காரி. யார் யார் கிரிப்டோ வைத்திருக்கிறார்கள், எதற்காக வைத்திருக்கிறார்கள் என்று தெருத்தெருவாகக் கேட்டுப் போகிறாளாம். சுந்தரலிங்கம் நாற்காலி எடுத்துப் போட்டார்.

"வீட்ல யாராச்சும் கிரிப்டோ கரன்சி வச்சிருக்கீங்களா சார்?"

"இங்கன அதெல்லாம் யாரும் இல்லம்மா. நமக்கு அதெல்லாம் வெளங்காது."

"வேற யாராவது, அம்மா..."

சுந்தரலிங்கம் வாய்விட்டுச் சிரித்தார். "அவளுக்கு வாட்ஸப்புல குட்மார்னிங் போடத் தெரியும். ஏத்தா முனீசு, புள்ளைக்குக் காப்பி கொண்டா."

அடுப்படியில் நின்ற முனீஸ்வரிக்குக் கோபம் வரவில்லை. அவர் அப்படி நினைப்பதுதான் அவளுக்குப் பாதுகாப்பு. ஆனாலும் யாரும் இல்லை என்ற சொல் பாலைப்போல உள்ளே பொங்கி வந்தது. இத்தனை வருஷம் பொத்தி வைத்ததை ஒரே ஒரு ஆளிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. காப்பி குடித்துவிட்டு அந்தப் பெண் கிளம்பிய பிறகு, கறிவேப்பிலை வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுத் தெருமுனையில் போய்ப் பிடித்தாள்.

"ஏம்மா, நில்லு. நான் வச்சிருக்கேன்."

"எதும்மா?"

"நீ கேட்டது. பிட்காயினு."

தேவயானி சுற்றிலும் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள். குரல் தானாகத் தாழ்ந்தது. "எதுக்காக வாங்குனீங்கம்மா? லாபத்துக்கா, புதுத் தொழில்நுட்பம்னு ஆர்வத்துலயா, யாராவது சொல்லியா, இல்ல பேங்க் மேல நம்பிக்கை இல்லாமலா?"

முனீஸ்வரி ஒவ்வொன்றாக மனதுக்குள் போட்டுப் பார்த்தாள். எதுவும் பொருந்தவில்லை.

"எதுக்குன்னு யாரும் கேக்காத பணம் கொஞ்சம் வேணும்னு ஆச. அதுக்குத்தான்."

"அப்படி ஒரு பதில் இதுல இல்லையேம்மா."

"மத்ததுன்னு ஒண்ணு போட்டிருப்பீகள்ல, அதுல எழுதிக்க."

பெண் எழுதிக்கொண்டாள். பெயர் கேட்கவில்லை. கறிவேப்பிலையை மறந்து வெறுங்கையோடு வந்த முனீஸ்வரி அன்றைக்கெல்லாம் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதே வருஷக் கடைசியில் பிட்காயின் அவள் பார்த்திராத உயரத்துக்குப் போனது. அதே சமயம் சுருளிப்பட்டியிலிருந்து ஒரு பேச்சு வந்தது. முத்துவீரன் தோட்டத்தை விற்கப் போகிறான். கவாத்துக்கு ஆள் கிடைப்பதில்லை, மழை வேண்டாத நேரத்தில் பெய்து குலை வெடிக்கிறது, மகனும் சென்னையில் தங்கிவிட்டான். குமுளிப் பக்கத்து ஆள் ஒருவர் மொத்தமாகக் கேட்கிறார்.

முனீஸ்வரி முதல்முறையாக ரூபாய்க் கணக்கைப் பார்த்தாள். வரி போனாலும் தோட்டத்தில் ஒரு மூலை வாங்கக் காணும். கிணற்றை ஒட்டிய மூலை. கடையில் லீவு சொல்லிவிட்டுச் சுருளிப்பட்டி பஸ் ஏறினாள்.

"அண்ணே, கெணத்து மூலையில பத்து செண்டு எனக்குக் குடு. சும்மா வேணாம். அந்த ஆளு குடுக்குற வெலைய நானும் தாரேன்."

முத்துவீரன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "ஒனக்கு ஏது ஆத்தா பணம்? மச்சான் குடுத்தாகளா?"

"இல்ல. என்னுது."

"ஒன்னுதுன்னா?"

சொன்னாள். பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கேட்டுக்கொண்டிருந்தவன் தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டான்.

"கெணத்த ஒனக்கு விட்டுட்டா மிச்சம் தண்ணியில்லாத வெறும் காடுத்தா. எவன் வாங்குவான்? அட்வான்ஸ் வேற கைநீட்டி வாங்கிட்டேன். நீ போன மாசமே ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

அவன் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. அதற்கு மேல் அவள் வற்புறுத்தவில்லை. தோட்டத்துக்குள் போனாள். கடைசி அறுப்பு முடிந்து பந்தல் வெறுமையாகக் கிடந்தது. குனிந்து கிணற்று மேடுவரை நடந்தாள். கொடிகளை ஆள்கள் எக்கச்சக்கமாக வெட்டி வைத்திருந்தார்கள். ஒரு கொடியை இரு விரலால் பிடித்துப் பார்த்து, எங்கே வெட்டியிருக்க வேண்டும் என்று நகத்தால் ஒரு கோடு கீறினாள். பிறகு திரும்பினாள்.

அவள் வீடு வந்து சேர்வதற்குள் முத்துவீரனின் போன் வந்து சேர்ந்திருந்தது. சுந்தரலிங்கம் சோறு போடச் சொல்லி உட்கார்ந்தார். இரண்டு கவளம் தின்ற பிறகு கேட்டார்.

"நான் குடிகாரனா?"

"இல்ல."

"ஒன்னயக் கைநீட்டி அடிச்சிருக்கேனா?"

"இல்லங்க."

"பெறகு ஏன் எங்கிட்டச் சொல்லல?"

முனீஸ்வரி கரண்டியைக் கீழே வைத்தாள். "நீங்க கேட்டா நான் குடுத்துருவேன். அதனாலதான் சொல்லல."

 வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு சமாதானமாகப் பேச நினைத்தவர்போல, "சரி விடு. நதியா கல்யாணத்துக்குச் சேத்து வச்சிருக்கன்னு நெனச்சுக்கிறேன்" என்றார்.

மகள் பெயரைச் சொன்னால் எந்தத் தாயும் தலையாட்டிவிடுவாள். முனீஸ்வரிக்கும் தலை ஆடத்தான் பார்த்தது.

"நதியாவுக்கு நம்ம ரெண்டு பேரும் சேந்து பாப்போம். இது அவளுக்கு இல்ல. எனக்கு."

சுந்தரலிங்கம் தட்டில் கைகழுவிவிட்டு எழுந்து போனார்.

அதன்பின் ஒரு வாரம் தேவைக்கு மட்டுமே பேச்சு. ஆனால் குக்கர்ப் பணத்தை ஊரெல்லாம் சொன்ன மனிதர் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் அவர் தங்கச்சி போனில் அழைத்து, மகனுக்கு வண்டி எடுக்க வேண்டும், கொஞ்சம் குறைகிறது என்றாள். முனீஸ்வரி துணி மடித்துக்கொண்டே காதை அங்கே வைத்திருந்தாள். சுந்தரலிங்கம் கூடத்தில் இரண்டு நடை நடந்தார். "இப்ப எங்கையில இல்லத்தா" என்றார். போனை வைத்த பிறகு மனைவியின் முகத்தைப் பார்க்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சில நாளில் இன்னொரு பழக்கம் வந்தது. காலையில் காப்பி குடிக்கும்போது, "இன்னைக்கு என்ன வெல?" என்பார். ஏலக்காய் விலை கேட்பதுபோலத்தான் கேட்பார். அவளும் சொல்வாள். ஆனால் அந்தக் கேள்வி வந்த நாளிலிருந்து மூட்டை அறைக்குப் போய் ஆப்பைத் திறக்கும்போது பழைய படபடப்பு இல்லை. யாருக்கும் தெரியாமல் இருந்தவரை அந்த எண்களுக்குள் ஒரு கிணறு இருந்தது, பந்தல் இருந்தது, வெயில் இருந்தது. இப்போது வெறும் எண்களாகத் தெரிந்தன. இத்தனை காலம் ஏங்கியது அந்த இடத்துக்கா, அல்லது ஏங்குவதற்கென்று தனியாக ஒரு அறை கிடைத்திருந்ததே, அதற்கா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

தோட்டம் கைமாறியது. பந்தல் கல்லையெல்லாம் பிடுங்கிவிட்டார்கள் என்று மதினி போனில் சொன்னாள். முனீஸ்வரி போய்ப் பார்க்கவில்லை.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுந்தரலிங்கம் ஸ்கூட்டரைத் துடைத்து வைத்துக்கொண்டு, "ஏத்தா, கெளம்பு. சின்னமனூருக்கு அங்கிட்டு ஒரு எடம் இருக்காம், சும்மா பாத்துட்டு வருவோம்" என்றார். அதிலிருந்து ஞாயிறுதோறும் கிளம்பினார்கள். ஒன்றில் தண்ணீர் இல்லை. ஒன்றில் பாதை இல்லை. ஒன்று எல்லாம் சரியாக இருந்தும் அவளுக்கு மனசு ஒட்டவில்லை.

"ஒனக்கு எதுதான் வேணும்?" என்று அலுத்துக்கொண்டார் ஒரு நாள்.

"தெரியலங்க. பாத்தாத் தெரியும்."

பொட்டிப்புரத்துப் பக்கம் ஒரு மானாவாரிக் காட்டுக்குப் போனார்கள். மலை ஒட்டிய சிறு துண்டு, செம்மண். புரோக்கர் காற்றில் பறக்கும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு சுந்தரலிங்கத்தைப் பார்த்தே பேசிக்கொண்டு வந்தார். போர் போட்டால் தண்ணீர் உண்டு, கரண்டு பக்கத்தில்தான், இப்போது விட்டால் கிடைக்காது. கடைசியில், "அண்ணே, பத்திரம் யாரு பேருக்கு? ஒங்க பேருக்கா, மக பேருக்கா?" என்று கேட்டார்.

சுந்தரலிங்கம் ஸ்கூட்டர் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். வரப்பு ஓரம் தள்ளி நின்ற முனீஸ்வரியைக் கையால் காட்டினார்.

"எங்கிட்ட ஏன் கேக்குறீக? வாங்குறது அவுக. அவுகளக் கேளுங்க."

கணவர் அவளை ஒருநாளும் அவுக என்று மரியாதையாகச் சொன்னதில்லை. முனீஸ்வரி திரும்பிப் பார்த்தாள். புரோக்கர் நிஜமாகவே அவள் பக்கம் வந்துகொண்டிருந்தார். மேற்கே மலையிலிருந்து இறங்கும் காற்று சேலையை அடித்தது. அவள் அந்தச் செம்மண் துண்டை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு முறை பார்த்தாள். பந்தல் போட்டால் எப்படியிருக்கும் என்று யோசித்தாள். வேர் இறங்குமா? தண்ணீர் நிற்குமா?

"இன்னொரு நா, மழைக்குப் பெறகு வந்து பாக்குறேன்ண்ணே" என்றாள். "அது வரைக்கும் எடம் விக்காம இருந்தா பாப்போம்."

ஸ்கூட்டரில் திரும்பினார்கள். வழியெல்லாம் அவள் இரண்டு பக்கமும் காடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.